பல்லை வெள்ளையாக்கிய பிறகு: முதல் இரண்டு நாளும் இரண்டாவது கிழமையும்

பல்லை வெள்ளையாக்கிவிட்டு கிளினிக்கில் இருந்து வெளியே வந்ததும் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இனி எப்போது தேத்தண்ணி குடிக்கலாம்? நியாயமான கேள்வி. விடிய எழும்பியதும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வயலில் இருந்து வந்ததும் ஒன்று, வீட்டுக்கு யாரும் வந்தால் அவர்களோடு சேர்ந்து இன்னொன்று என்று ஓடுகிற ஊர் இது. ஆனால் இத்தனை மணித்தியாலம் பொறுத்திருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது காணாது. பல்லுக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டால், எதைக் குடிக்கலாம், எதைத் தள்ளி வைக்கலாம், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

வன்னிக்கு இது இப்போது புதினமான விஷயமும் இல்லை. கலியாணத்துக்கு நாள் குறித்ததும் பொம்பிளையோ மாப்பிள்ளையோ வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள தனியார் பல் கிளினிக்குக்குப் போய்ச் செய்துகொள்கிறார்கள். லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் லீவுக்கு வரும் சொந்தக்காரர் சொக்லேட்டோடு சேர்த்து, பல்லில் ஒட்டி வெள்ளையாக்கும் பட்டிகளையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவு நோவுக்கும் சூத்தைக்கும் வைத்தியம் பார்க்கிற இடம். அழகுக்காகச் செய்யும் இந்த வேலை பெரும்பாலும் கையில் இருந்து காசு கட்டிச் செய்வது. அப்படிச் செய்துவிட்டு, நிறம் கொஞ்சம் இறங்கியதும் பதறிப்போய்க் கரியையும் தேசிக்காயையும் போட்டுத் தேய்த்துப் பல்லையே கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்க வயிறு எரிகிறது. காசு போனால் உழைக்கலாம். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

பல்லுக்குள் என்ன நடக்கிறது

பல்லின் வெளிப்படை எனாமல். எங்கள் உடம்பில் இருக்கிற எல்லாவற்றிலும் கடினமானது அதுதான், எலும்பைவிடவும். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் வெறும் கனிப்பொருள். உயிருள்ள கலங்கள் அதில் இல்லை, அதனால்தான் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல அது தன்னைத்தானே திருத்திக்கொள்வதில்லை. எனாமலுக்குக் கீழே இருப்பது டென்டின், அது இயல்பிலேயே மஞ்சள் சாயல் கொண்டது. எனாமல் ஊடாக வெளிச்சம் ஓரளவு போய்வரும் என்பதால், கண்ணாடியில் நாங்கள் பார்க்கிற பல்லின் நிறத்தில் பெரும்பங்கு உள்ளே இருக்கிற டென்டினின் நிறம். வயது போகப்போக எனாமல் மெலிந்து, டென்டின் தடித்து, பல் மஞ்சளாகிக்கொண்டு வருவது இதனால்தான். அது நோய் இல்லை. கொஞ்சம் மஞ்சளான பல் ஆரோக்கியமான பல்லாகவே இருக்கலாம் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறைகளில் இரண்டு வகை. தேத்தண்ணி, வெற்றிலை, சிகரெட் போன்றவை பல்லின் மேல் படிய வைக்கிற கறை ஒன்று; பல் மருத்துவர் ஸ்கேலிங், அதாவது கருவியால் பல்லைச் சுத்தம் செய்து மெருகேற்றினாலே இதில் பெரும்பகுதி போய்விடும். இந்தக் கறை மட்டும் உள்ளவர்களுக்கு வெள்ளையாக்கலே தேவைப்படாமல் போகலாம், ஆகவே முதலில் ஸ்கேலிங் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மற்றது பல்லுக்குள்ளேயே ஊறிப்போன நிறம். அதற்குத்தான் பெரொக்சைட் என்ற வெளுக்கும் இரசாயனம்.

கிளினிக்கில் பூசுகிற ஜெல்லில் இருப்பது ஹைட்ரஜன் பெரொக்சைட், பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை. வீட்டில் தட்டு, அதாவது ஜெல்லை இட்டுப் பல்லில் மாட்டுகிற உறை, அணிந்து செய்கிற முறையில் இருப்பது கார்பமைட் பெரொக்சைட். அதில் 10 சதவீதம் என்றால் உள்ளே ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் இருக்கிறது என்று அர்த்தம். இரவில் தட்டு அணிந்து செய்யும் இந்த முறையை ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் 1989இல் எழுதி வெளியிட்டார்கள், இன்றைக்கும் அதுதான் மெதுவான, நம்பிக்கையான வழி. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: பெரொக்சைட் எனாமல் ஊடாக உள்ளே இறங்கி, நிறம் தருகிற பெரிய மூலக்கூறுகளை உடைத்து, நிறம் குறைந்த சின்னத் துண்டுகளாக்குகிறது. மேலே எதையும் பூசவில்லை, எதையும் சுரண்டி எடுக்கவும் இல்லை.

இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் வேறு இரண்டு காரியமும் நடக்கிறது. வெள்ளையாக்கலுக்குப் பிந்திய கவனிப்பு முழுவதும் இந்த இரண்டிலும்தான் தங்கியிருக்கிறது. ஒன்று, உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பல்லின்மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும்; சுத்தம் செய்யும்போதும் ஜெல் பூசும்போதும் அந்தப் படலம் போய்விடுகிறது. அது சில நிமிடத்திலேயே திரும்பப் படியத் தொடங்கும், ஆனால் முழுதாகக் கட்டுவதற்கு மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். அதுவரை பல் கொஞ்சம் வெறுமையாக நிற்கிறது. மற்றது, வாயைத் திறந்து வைத்து, உமிழ்நீர் படாமல் ஜெல்லோடு இருந்ததால் பல்லில் உள்ள ஈரம் வற்றிவிடுகிறது.

முதல் 48 மணித்தியாலம்

இந்த இரண்டு காரணத்தால்தான் முதல் இரண்டு நாளும் கடும் நிறமுள்ள சாப்பாட்டையும் குடிப்பையும் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். தள்ளி வைக்க வேண்டியவற்றில் வெறும் தேத்தண்ணி, கோப்பி, கோலா, பீட்ரூட், சோயா சோஸ், தக்காளிச் சோஸ் எல்லாம் வரும். எங்களுக்கு முக்கியமானது மஞ்சளும் வறுத்த கறித்தூளும். மஞ்சளின் நிறம் எதிலும் ஒட்டும், சட்டையில் பட்ட கறியைத் தோய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாவற்பழக் காலம் என்றால் அதையும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். சாப்பிட்டவுடன் நாக்கைப் பார்த்தாலே ஏன் என்று விளங்கும்.

அப்படியென்றால் என்னதான் சாப்பிடுவது? எங்கள் சமையலில் வெள்ளைச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வெள்ளைப் பச்சை அரிசிச் சோறு, வெள்ளை மா இடியப்பம், தேங்காய்ப்பூப் போட்ட பிட்டு, மஞ்சள் போடாத பால்சொதி, பாலப்பம், உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, முட்டையின் வெள்ளைக்கரு, மஞ்சளும் தூளும் இல்லாமல் அவித்த மீன், வாழைப்பழம், பால். எருமைத் தயிர் வன்னியில் தாராளமாகக் கிடைக்கும், சோற்றோடு அதைப் பிசைந்தால் ஒரு நேரம் முடிந்தது. கோயில் பொங்கல் நாளாக இருந்தால் வெண்பொங்கல் சாப்பிடலாம், கரும்பழுப்பு வெல்லம் போட்ட சர்க்கரைப் புக்கையை மட்டும் அடுத்த முறைக்கு விடுங்கள். முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கினால் சாப்பிடலாம்; முரசு எரிந்துகொண்டிருந்தால் மட்டும் உப்புக் கச்சான் வேண்டாம், கடுக்கும்.

இந்த வெள்ளைச் சாப்பாட்டு விதியைப் பற்றி ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். இதைக் கட்டாயச் சட்டம் மாதிரி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வீட்டில் தட்டு அணிந்து வெள்ளையாக்குகிற நாட்களில் தேத்தண்ணி, கோப்பி குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் கடைசி நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்ட ஆய்வுகள் உண்டு. ஆகவே தவறுதலாக ஒரு வாய்க் கறியைச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்பதற்காகக் காசெல்லாம் வீணாகிவிட்டது என்று அழத் தேவையில்லை, உடனே தண்ணீரால் கொப்பளித்தால் போதும். ஆனால் இரண்டு நாள்தானே. கிளினிக்கில் கடும் ஜெல் பூசிச் செய்திருந்தால், அந்த இரண்டு நாளைப் பொறுத்துக்கொள்வதில் நட்டம் ஒன்றும் இல்லை. தேத்தண்ணி இல்லாமல் தலையிடிக்கும் என்பவர்கள் பால் கூடவிட்டு, சாயம் குறைத்து, ஆறவைத்துக் குடித்துவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேயிலைச் சாயத்தைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும், அதனால் பால் தேத்தண்ணி வெறும் தேத்தண்ணியைவிடக் குறைவாகத்தான் கறை பிடிக்கும்.

நிறத்தைவிட நான் கவனிக்கச் சொல்வது புளிப்பை. புளிப்பை அளக்கிற அளவு பிஎச், எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். தேசிக்காய்ச் சாறும் கோலாவும் அதைவிட எவ்வளவோ கீழே, 2க்கும் 3க்கும் இடையில் நிற்பவை. நிறமே இல்லாத சோடா என்றாலும் இதே கதைதான், வெள்ளையாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். தேசிக்காய்த் தண்ணி, உப்பும் தூளும் போட்ட மாங்காய், விளாம்பழம், புளியம்பழம் எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளும் விட்டுவிடுங்கள். பிறகு சாப்பிடும்போதும், சாப்பிட்டு முடித்த கையோடு பல்லுத் தீட்டாதீர்கள். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணித்தியாலத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் வரை விடுங்கள். அமிலத்தில் இளகிய மேற்பரப்பைப் பிரஷ்ஷால் தேய்த்தால் அது கழன்று போகும். உமிழ்நீரில் உள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் அதைத் திரும்ப இறுக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

சிகரெட், பீடி, சுருட்டு, வெற்றிலை எதுவும் வேண்டாம். இவை இரண்டு நாளுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

கூச்சம் வந்தால்

பலருக்கு முதல் ஒன்றிரண்டு நாளில் பல் கூசும். குளிர்ந்த தண்ணி பட்டால் சுரீர் என்று இழுக்கும், சிலருக்குக் காற்று இழுத்தாலே மின்னல் வெட்டியதுபோல ஒரு குத்து வந்து போகும். பெரொக்சைட் சில நிமிடங்களிலேயே எனாமலையும் டென்டினையும் தாண்டிப் பல்லின் நரம்புள்ள கூழ்ப்பகுதி வரைக்கும் போய்விடுகிறது, அதனால் அது கொஞ்ச நேரம் எரிச்சல் அடைகிறது. பல் பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் சில நாளில் தானாகவே அடங்கும்.

அதுவரை ஐஸ் தண்ணி, ஐஸ்கிறீம், கொதிக்கக் கொதிக்க எதுவும் வேண்டாம். கூச்சத்துக்கான பற்பசை கடையில் கிடைக்கும், பெட்டியில் பொற்றாசியம் நைத்திரேற்று 5 சதவீதம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது நரம்பு துடிப்பதைத் தணிக்கும், ஆனால் ஒரு முறை தீட்டியவுடன் வேலை செய்யாது, தொடர்ந்து பாவிக்க வேண்டும். அதனால் வெள்ளையாக்கப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே அதைப் பாவிக்கத் தொடங்குவதுதான் கெட்டித்தனம். இரவு படுக்கும்போது விரலால் கொஞ்சம் எடுத்துக் கூசுகிற பல்லில் பூசிவிட்டும் படுக்கலாம். தாங்க முடியாவிட்டால், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் பனடோல் போடலாம். வீட்டில் தட்டு அணிந்து செய்பவர்களுக்குக் கூச்சம் வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அணியுங்கள், அல்லது அணியும் நேரத்தைக் குறையுங்கள். கடைசி நிறத்துக்கு அதனால் குறை வராது, கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

ஜெல் முரசில் பட்ட இடம் வெள்ளையாகி எரியலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சாதாரணமாகச் சில மணித்தியாலத்தில் இருந்து ஓரிரு நாளுக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிடும். உறைப்பைக் குறைத்து, இளஞ்சூட்டு உப்புத் தண்ணியால் கொப்பளியுங்கள்.

ஆனால் ஒரே ஒரு பல் மட்டும் விண்விண் என்று தெறித்து நித்திரையைக் கெடுத்தால், கடித்தால் நொந்தால், முகம் வீங்கினால், அல்லது கூச்சம் ஒரு கிழமை தாண்டியும் குறையாவிட்டால் அது வெள்ளையாக்கலின் சாதாரணக் கூச்சம் இல்லை. அந்தப் பல்லில் முன்பே கவனிக்காத சூத்தையோ வெடிப்போ இருக்கலாம். அதற்குக் கிளினிக்கும் வேண்டாம், காசும் வேண்டாம், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்கே போகலாம்.

இரண்டாவது கிழமை: பதறுகிற கிழமை

வெள்ளையாக்கிய அன்று கண்ணாடியில் தெரியும் நிறம் கடைசி நிறம் இல்லை. இது தெரியாமல்தான் ஆட்கள் பதறுகிறார்கள்.

பல்லில் ஈரம் வற்றியிருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? காய்ந்த சீமெந்துத் தரை வெளிறித் தெரியும், அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அதே தரை கறுத்துத் தெரியும். தரை மாறவில்லை, ஈரம் ஏறியதும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும் விதம் மாறிவிட்டது. பல்லிலும் இதுதான் நடக்கிறது. காய்ந்த பல் உண்மையான நிறத்தைவிட வெள்ளையாகத் தெரியும், உமிழ்நீரில் ஊறி ஈரம் திரும்பியதும் கொஞ்சம் இறங்கும். பல்லுக்குள் மிஞ்சிய ஒட்சிசன் வெளியேறி முடியும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும். இரண்டு கிழமை அளவில் ஒரு இடத்தில் நிற்கும். அந்த இடம்தான் உங்களுக்குக் கிடைத்த நிறம். அது நீங்கள் தொடங்கிய இடத்தைவிட வெள்ளையாகத்தான் இருக்கும், முதல் நாள் கண்ட வெள்ளையாக இருக்காது.

இதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெள்ளையாக்கப் போவதற்கு முதல் நாள், பகலில், யன்னலடியில் நின்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பதினான்காம் நாள் அதே நேரத்தில் அதே யன்னலடியில் இன்னொரு படம் எடுங்கள். இடையில் உள்ள நாட்களில் கண்ணாடிக்கு முன்னால் நின்று வருந்தாதீர்கள். கிளினிக்கில் 16 நிறப் படிகள் உள்ள ஒரு மாதிரி வரிசையைப் பல்லோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள், தொடங்கும்போது உங்கள் பல் எந்தப் படியில் நின்றது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கலியாணம் என்றால் இந்தக் கணக்கை வைத்தே நாள் பாருங்கள். முதல் நாள் போய்ச் செய்துவிட்டு அடுத்த நாள் மணவறையில் இருக்க நினைத்தால், கூச்சத்தோடு குளிர்பானமும் குடிக்க முடியாமல், விருந்துக் கறியும் சாப்பிடப் பயந்துகொண்டு இருக்க வேண்டிவரும். மூன்று கிழமைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நிரப்பிய பல், கிரவுண், கட்டுப்பல் எதுவும் பெரொக்சைட்டால் நிறம் மாறாது. முன்பல்லில் பழைய நிரப்பல் இருந்தால், மற்றப் பற்கள் வெளுத்த பிறகு அது மட்டும் தனித்துத் தெரியும். அதை மாற்றலாம், ஆனால் இரண்டு கிழமை பொறுத்துத்தான் மாற்ற வேண்டும். பல்லுக்குள் ஒட்சிசன் மிஞ்சியிருக்கும்போது புது நிரப்பல் சரியாக ஒட்டாது, நிறமும் நிலைத்திருக்காது என்பதால் எந்த நிறத்துக்குப் பொருத்துவது என்றும் தெரியாது.

கரியும் தேசிக்காயும்

நிறம் இறங்கிய அந்தக் கிழமையில்தான் யாராவது வந்து சொல்வார்கள்: உமிக்கரியும் உப்பும் போட்டுத் தீட்டு, அப்பச்சோடாவில் தேசிக்காய் பிழிந்து தேய், அந்த வீடியோவில் காட்டினவை. தயவுசெய்து வேண்டாம். எங்கள் அப்பு ஆச்சிமார் கரியால் தீட்டித்தானே பல்லோடு இருந்தார்கள் என்பீர்கள். அவர்களில் பலருடைய பல் முரசோரத்தில் வெட்டுப்பட்டதுபோலத் தேய்ந்து போயிருந்ததையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். கரித்துகள் கறையைச் சுரண்டும், கூடவே எனாமலையும் சுரண்டும். எனாமல் மெலிந்தால் கீழே உள்ள டென்டின் கூடத் தெரியும், பல் இன்னும் மஞ்சளாகும். வெள்ளை வேண்டும் என்று தேய்த்து மஞ்சளை வாங்குகிற வேலை அது.

அப்பச்சோடா தனியே அவ்வளவு கரடுமுரடானது இல்லை, ஆனால் அதில் தேசிக்காய் சேர்ந்தால் அமிலத்தோடு தேய்ப்பதாகிவிடும். சிகரெட் கறைக்கு என்று விற்கிற கரகரப்பான பற்பொடிகளும் இதே பட்டியல்தான். வேப்பங்குச்சியை விட முடியாதவர்கள் இரண்டு கிழமையாவது விட்டுவிட்டு, பிறகு நுனியை நன்றாக மென்று மெதுவாக்கிப் பாவியுங்கள், முரசில் குத்த வேண்டாம்.

இன்னொன்று, நிறம் இறங்கியது என்று உடனே இரண்டாம் முறை ஜெல் வைக்கப் போவது. அடிக்கடி செய்தால் கூச்சம் நிரந்தரமாகலாம், எனாமலின் மேற்பரப்பும் கரடாகலாம். வெள்ளையாக்கலின் பலன் சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம் நிற்கும், அது உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. வீட்டுத் தட்டு உள்ளவர்கள், நிறம் மங்கியது போலத் தெரிந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஓரிரு இரவு அணிந்தால் போதும். அந்தத் தட்டைக் கொதிநீரில் கழுவாதீர்கள், வெயிலில் நிற்கும் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் விட்டுவிடாதீர்கள், நெளிந்துவிடும். ஜெல்லையும் சூடு கெடுக்கும், எங்கள் வெக்கைக்கு அதைப் பிரிட்ஜில் வைப்பதுதான் சரி.

வெளிநாட்டில் இருந்து வந்த பட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012இல் இருந்து, 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ள வெள்ளையாக்கும் பொருளைப் பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம், அதுவும் 6 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பாவிக்கவும் கூடாது. அவ்வளவு பார்த்துக் கட்டுப்படுத்துகிற ஒரு பொருளை, சூத்தை இருக்கிறதா என்று கூடப் பார்க்காமல் வீட்டில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். பார்லரில் செய்து தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த பல் மருத்துவர்தானா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிள்ளைத்தாச்சியும் பால் கொடுக்கும் தாயும் இதைத் தள்ளிப் போடுவதுதான் பாதுகாப்பு.

பிறகு ஒவ்வொரு நாளும்

மெதுவான பிரஷ், ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், புளோரைட் உள்ள பற்பசை. அதில் இரவில் படுக்கமுன் தீட்டுவது கட்டாயம். தீட்டியதும் துப்புங்கள், ஆனால் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் விட்டு வாயைக் கழுவிவிடாதீர்கள், பல்லில் நிற்க வேண்டிய புளோரைட்டும் போய்விடும். தேத்தண்ணி குடித்த பிறகு ஒரு வாய்த் தண்ணீரால் கொப்பளித்துக் குடித்துவிடுவதை மட்டும் பழக்கமாக்கினால் கறையில் நல்ல வித்தியாசம் தெரியும். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள் தண்ணீர் கூடக் குடியுங்கள். வாய் காய்ந்தால் பல்லைக் காக்கிற உமிழ்நீரும் குறைந்துவிடும்.

மவுத்வொஷ் வாங்கும்போது குளோர்ஹெக்சிடின் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மருந்துதான், முரசு வருத்தத்துக்கு மருத்துவர் தருவதும் உண்டு, ஆனால் தொடர்ந்து பாவித்தால் பல்லில் மண்ணிறக் கறை பிடிக்கும், தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்கு இன்னும் கூட. மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் பாவிக்காதீர்கள்.

சரி, வெற்றிலைக்கு வருவோம். வெற்றிலை போடுகிற வாயில் வெள்ளையாக்கல் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. பாக்கை, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு மட்டும் போடுகிறேன் என்பவருக்கும் அந்த ஆபத்து உண்டு. வெள்ளையாக்க வந்த சாட்டோடு வாயை முழுக்கப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படை, வாய் முன்பு போல அகலத் திறக்க முடியாமை, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், இவற்றில் ஒன்று இருந்தாலும் பல்லின் நிறத்தை மறந்துவிட்டு அதைப் பாருங்கள்.

வெள்ளையாக்கியும் போகாத திட்டுகள்

சில பற்கள் இந்த ஜெல்லுக்குச் சரிவராது. முன்பு விழுந்தோ அடிபட்டோ நரம்பு செத்துச் சாம்பல் நிறமான பல்லைப் பெரும்பாலும் வெளியில் இருந்து மட்டும் சரியாக வெளுக்க முடியாது. இப்படிப் பல்லோடு சண்டைக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். அதற்கு வேர்ச் சிகிச்சை செய்து, பல்லுக்குள்ளே மருந்து வைத்து வெளுக்கும் வேறு முறை இருக்கிறது. சின்ன வயதில் டெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை எடுத்ததால் பட்டை பட்டையாகச் சாம்பல் விழுந்த பல்லுக்குத் தட்டு முறையை மாதக்கணக்கில் செய்ய வேண்டிவரும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் காண்பது புளோரைட் திட்டு. வவுனியா உட்பட உலர்வலயத்தின் பல இடங்களில் கிணற்று நீரிலும் குழாய்க்கிணற்று நீரிலும் புளோரைட் கூடுதலாக இருக்கிறது. பல் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் எனாமல் சரியாகக் கட்டாமல், சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைத் திட்டும், கடுமையாக இருந்தால் மண்ணிறத் திட்டும் விழும். இப்படிப் பல் உள்ளவர்கள் வெள்ளையாக்கினால் முதல் நாட்களில் வெள்ளைத் திட்டுகள் முன்பைவிட எடுப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், பல்லில் ஈரம் திரும்பியதும் அந்த எடுப்பு குறையும். மண்ணிறம் ஓரளவு வெளுக்கலாம், முழுதாகப் போகும் என்று யாரும் உறுதி தரக்கூடாது. மேற்பரப்பை மிக மெல்லியதாக மெருகுதீட்டுவது, திட்டுக்குள் பிசின் ஊடுருவ விடுவது என்று வேறு வழிகள் உண்டு, அவற்றை இரண்டு கிழமை கழித்து நிறம் நிலைத்த பிறகு மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் பல்லில் அந்தத் திட்டு இருந்து, அதே கிணற்றுத் தண்ணீரில் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையும் வளர்கிறது என்றால், கிளினிக்குக்குப் போகுமுன் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஏறத்தாழ எட்டு வயது வரைக்கும்தான் முன்பற்களுக்கு இந்தப் பாதிப்பு வரும், அதற்குப் பிறகு குடிக்கும் தண்ணீரால் புதுத் திட்டு விழாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் தண்ணீரை எங்கே கொடுத்துச் சோதிப்பது என்று வழி சொல்வார், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலும் கேட்கலாம். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கூடுதலாக இருந்தால் பிள்ளைக்குக் குடிக்கவும், பால் மா கரைக்கவும், சோறு கறி சமைக்கவும் மழைநீரையோ ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரையோ எடுங்கள். குளிக்கவும் தோய்க்கவும் அந்தக் கிணறே போதும்.